மருந்து போகும் குழாயில் குடியிருக்கும் நோய்

கேள்வி: பல்லடம் பக்கத்தில் கறிக்கோழி வளர்க்கிறேன். குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். ஷெட்டும் தண்ணீரும் ஆளும் எங்களுடையது. கொஞ்ச காலமாக ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரே தொல்லை. இரண்டு வாரம் வரை குஞ்சு நன்றாக வருகிறது. அப்புறம் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் ஒடுங்குகிறது, தீவனம் எடுப்பதில்லை, தினமும் சாகிறது. அறுத்துப் பார்த்த கம்பெனி டாக்டர், இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் காட்டி ஈ.கோலை என்றார். தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்தால் சாவு நிற்கிறது. மருந்தை நிறுத்தினால் சில நாளிலேயே திரும்பவும் ஆரம்பிக்கிறது. லேப் ரிப்போர்ட்டிலோ அதே மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்றுதான் இருக்கிறது. பேட்ச் முடிந்ததும் எருவை அள்ளி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, பார்மலின் போட்ட பிறகுதான் அடுத்த குஞ்சை இறக்குகிறோம். இப்போது சூப்பர்வைசர், “உங்க தண்ணி லைன்ல பயோஃபிலிம் கட்டியிருக்கும்” என்கிறார். அது என்ன? கண்ணுக்குத் தெரியுமா? மருந்து ஏன் கேட்க மாட்டேன் என்கிறது? எப்படி ஒழிப்பது?

— கறிக்கோழிப் பண்ணையாளர், பல்லடம்

பதில்: சுண்ணாம்பு தரைக்குப் போனது, சுவருக்குப் போனது. பார்மலின் கூரை வரைக்கும் போயிருக்கும். நிப்பிள் லைனுக்கு உள்ளே என்ன போனது? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை. ஷெட்டை வீட்டுத் திண்ணைபோல் துடைத்து வைத்திருப்பவர்கள்கூடப் பழைய தண்ணீர் நிற்கும் குழாயில் புதுக் குஞ்சை வாய் வைக்க விடுகிறார்கள். உங்கள் சூப்பர்வைசர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும், குழாயைத் திறந்தால். ஷெட் காலியாக இருக்கும்போது லைனின் கடைசி மூடியைக் கழற்றுங்கள். ஒரு குச்சியின் நுனியில் வெள்ளைப் பஞ்சைச் சுற்றி, விரல் நீளத்துக்கு உள்ளே விட்டு, குழாயின் உட்சுவரை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுங்கள். பஞ்சு ஈரமாக மட்டும் வந்தால் சரி. பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ, சளிபோல் இழுபடும் பசையோடு வந்தால் அதுதான் பயோஃபிலிம். ஒரு நிப்பிளையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்னக் கம்பியைச் சுற்றி ஜவ்வு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் தோலாகக் கழன்று வரும், சேற்று வாடை அடிக்கும். பிறகு கேட் வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, முதலில் வரும் தண்ணீரை வெள்ளை பக்கெட்டில் பிடியுங்கள். கஞ்சியில் மிதக்கும் ஆடைபோல் துண்டு துண்டாக வந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

அது அழுக்கு மட்டும் அல்ல. நுண்ணுயிர்கள் தாமே கட்டிக்கொண்ட குடியிருப்பு. தண்ணீரில் தனித்தனியாக நீந்தி வரும் பாக்டீரியாவில் சில, குழாய்ச் சுவரில் ஒட்டும். முதலில் லேசாகத்தான் ஒட்டும். தண்ணீர் வேகமாக ஓடினால் கழன்றுவிடும். கழலாமல் நின்றவை பெருகிக்கொண்டே, தம்மைச் சுற்றி ஒரு பசையைச் சுரக்கும். மாவுச்சத்து மாதிரியான நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்த செல்களிலிருந்து வெளிவந்த டி.என்.ஏ. எல்லாம் கலந்த பசை அது. அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு ஏறும். அடுக்குகளுக்கு நடுவே உணவும் தண்ணீரும் போய்வர வாய்க்கால்கூட இருக்கும். முற்றிய படலத்திலிருந்து அவ்வப்போது சில கிருமிகள் கழன்று மறுபடி நீந்தத் தொடங்கும். உங்கள் குஞ்சின் வாய்க்குப் போவது இப்படிக் கழன்றவைதான். ஆற்றுப் படித்துறையில் காலை வழுக்கிவிடுவதும், காலையில் பல் துலக்கும் முன் நாக்குக்குத் தட்டுப்படுவதும் இதே வகைப் படலங்கள்தான்.

கோழிக்கு வரும் கிருமிகளில் பலவும் இந்த வித்தை தெரிந்தவை. ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் கர்லி என்ற புரத நார்களையும் செல்லுலோஸையும் நெய்து ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் காங்கோ ரெட் சாயம் கலந்த தட்டில் சால்மோனெல்லாவை வளர்த்தால், இப்படிப் படலம் கட்டும் வகைகள் செந்நிறமாக, வறண்டு, சுருக்கம் சுருக்கமாகத் தெரியும். இந்த நார்கள் இருக்கிற துணிச்சலில்தான் அது காய்ந்த தூசியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கிறது. சூடோமோனாஸ் குழாய்த் தண்ணீரில் பிறந்து வளர்ந்த கிருமி. படலம் கட்டுவதில் அதற்கு இணை கிடையாது. கேம்பிலோபாக்டர் வேறு ரகம். திறந்த காற்றின் ஆக்சிஜனை அதனால் தாங்க முடியாது. ஆனால் மற்றவர்கள் கட்டிய படலத்தின் அடியில், ஆக்சிஜன் குறைந்த இடமாகப் பார்த்துக் குடியேறிப் பிழைத்துக்கொள்ளும்.

இனி மருந்து விஷயம். உங்கள் லேப் ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது வேறொரு நிலையில் இருக்கும் கிருமியைப் பற்றி. செத்த கோழியின் இதயத்திலிருந்து எடுத்த கிருமியை நல்ல சத்துணவில் வளர்த்து, தனித்தனியாக இருக்கும் அந்தச் செல்களின்மேல் மருந்தை வைத்துப் பார்க்கிறார்கள். அதே கிருமி படலத்துக்குள் இருக்கும்போது, அதைக் கொல்ல 10 மடங்கிலிருந்து 1000 மடங்கு வரை அதிக மருந்து தேவைப்படலாம். மருந்தில் ஒரு பங்கு பசையிலேயே சிக்கிவிடுகிறது. அடியில் இருக்கும் செல்கள் உணவும் ஆக்சிஜனும் குறைந்து, வளராமல் மந்தமாகக் கிடக்கின்றன. வளரும் செல்லைத்தான் தாக்குவேன் என்கிற பென்சிலின் வகை மருந்துகளுக்கு அங்கே வேலையே இல்லை. மிகச் சில செல்கள் ஏறக்குறையத் தூங்கிவிடுகின்றன. மருந்து போன பிறகு விழித்து, திரும்பவும் குடித்தனம் தொடங்குபவை இவைதான். நீங்கள் மருந்தை நிறுத்திய சில நாளில் சாவு திரும்புவதற்கு இது முக்கியமான காரணமாக இருக்கலாம். மருந்து கோழிக்குள் வேலை செய்தது, குழாயில் செய்யவில்லை. குணமான கோழி மறுபடி அதே குழாயில்தான் குடித்தது.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. மருந்து படலத்தின் அடிவரை போய்ச் சேரும்போது அளவு குறைந்துவிடுகிறது. கொல்லப் போதாத அந்த அளவு, சில மருந்துகளில், கிருமியை இன்னும் கெட்டியாகப் படலம் கட்டத் தூண்டும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நெருங்கி உட்கார்ந்திருக்கும் கிருமிகள் மருந்தை எதிர்க்கும் மரபணுக்களை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளவும் அது வசதியான இடம். ஈ.கோலை என்றாலே தண்ணீரில் கொலிஸ்டின் கலந்து விடுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது என்பதால், உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. “அந்தப் பழைய மருந்து கிடைக்குமா?” என்று இன்றும் காதோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிடைத்தாலும் குழாயை அது கழுவித் தராது.

இந்தப் படலத்துக்கு ஒரு கறிக்கோழி ஷெட்டைப் போல வசதியான இடம் அமைவது அபூர்வம். கணக்கைப் பாருங்கள். 300 அடி நீள லைன் ஒன்றில் ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீர் நிற்கும். மூன்று லைன் என்றால் 90 லிட்டர். 3000 குஞ்சு இறங்கிய முதல் நாட்களில் மொத்தமாகவே நாளைக்கு 100 லிட்டருக்குச் சற்று முன்பின்தான் குடிக்கும். அப்படியானால் லைனில் இருக்கும் தண்ணீர் மாற ஒரு நாள் ஆகிறது. கடைசி மூலையில் இன்னும் கூட ஆகும். புரூடருக்காக ஷெட்டை 32, 33 டிகிரியில் வைத்திருக்கிறோம். வெதுவெதுப்பான, அசையாத தண்ணீர். சாதகமான சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். கோழி பெரிதாகி, குடிக்கும் தண்ணீர் கூடி, ஓட்டம் வேகமெடுக்கும்போது அதுவரை கட்டிய படலம் துண்டு துண்டாகக் கழன்று வரும். இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு உங்களுக்குத் தொல்லை தொடங்குவதில் இதற்கும் பங்கு இருக்கும்.

போதாததற்கு நாமே சாப்பாடும் போடுகிறோம். குஞ்சு இறங்கிய அன்று வெல்லத் தண்ணீர். அடுத்து வைட்டமின், பி-காம்ப்ளெக்ஸ், எலக்ட்ரோலைட், ஈரல் டானிக். சொட்டுத் தடுப்பூசியைத் தண்ணீருக்கு மாற்றினால் அதோடு கொழுப்பு நீக்கிய பால் பவுடர். குஞ்சுக்கு இவற்றால் பலன் உண்டா என்பது தனி வாதம். எனக்கு அந்த டானிக் பாட்டில்களில் பாதியின்மேல் நம்பிக்கை கிடையாது. ஆனால் குழாய்ச் சுவரில் இருப்பவனுக்கு ஒவ்வொன்றும் விருந்து. வெல்லம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் லைனில் விடாமல், தனிக் குஞ்சுத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து, சில மணி நேரத்தில் எடுத்துக் கழுவிவிடுங்கள்.

கொங்குப் பகுதித் தண்ணீருக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆழமான போர் தண்ணீரில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் அதிகம். குழாயின் உட்சுவரில் உப்புப் படிந்து சொரசொரப்பாகிவிட்டால், வழவழப்பான புதுக் குழாயைவிடக் கிருமி எளிதாகக் காலூன்றும். இரும்பு கலந்த தண்ணீர் என்றால் அதை உண்டு பழுப்புக் கூழாகப் பெருகும் கிருமிகளும் வந்து சேரும். இதே கடினத் தண்ணீரில் டெட்ராசைக்ளின் வகையையோ என்ரோஃப்ளாக்சசினையோ கலந்தால், கால்சியமும் மெக்னீசியமும் மருந்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அளவு சரியாகப் போட்டும் கோழிக்குக் குறைவாகவே போய்ச் சேரும்.

சரி, எப்படி ஒழிப்பது? கோழி உள்ளே இருக்கும்போது முழுச் சுத்தம் செய்ய முடியாது. கோழி பிடித்த மறுநாளிலிருந்து அடுத்த குஞ்சு வரும் வரை இருக்கும் நாட்கள்தான் உங்களுக்கு வாய்ப்பு. எரு அள்ளுவதற்கு முன்பே தண்ணீர் லைனில் கை வையுங்கள். கழன்று வரும் அழுக்கு பழைய எருவிலேயே விழட்டும்.

மேல் டேங்கிலிருந்து தொடங்க வேண்டும். ஷெட்டுக்குள் இருக்கும் சின்ன மருந்து டேங்க்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் அடியில் பல பேட்ச் மருந்தும் வைட்டமினும் சேறாக உறைந்து கிடக்கும். இரண்டையும் தேய்த்துக் கழுவுங்கள். வெயில் படும் டேங்கை மூடி வையுங்கள், இல்லையேல் பாசி பிடிக்கும். பிறகு பிரஷர் ரெகுலேட்டரைத் தாண்டி, லைனின் கடைசி மூடியைத் திறந்துவிட்டு, நல்ல அழுத்தத்தில் தண்ணீரை அடித்து வெளியேற்றுங்கள். 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு நிமிடமாவது ஓட வேண்டும். தண்ணீர் தெளியும்வரை நிறுத்தாதீர்கள். இது தளர்ந்ததை மட்டுமே தள்ளும். ஒட்டியிருப்பது அப்படியே இருக்கும்.

ஒட்டியிருப்பதைப் பெயர்க்க எனக்குப் பிடித்தது நிலைப்படுத்திய ஹைட்ரஜன் பெராக்சைடு. கடையில் 50% செறிவில், பெரும்பாலும் வெள்ளி சேர்த்து விற்பது. காலி ஷெட்டில் 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் என்பது வழக்கமான அளவு. கேனில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கடைசி மூடி வழியாக நுரை வெளிவரும்வரை லைனை நிரப்புங்கள். நடந்துகொண்டே ஒவ்வொரு நிப்பிளையும் தட்டிவிட்டால்தான் மருந்து நிப்பிளுக்குள்ளும் இறங்கும். ஒரு நாளாவது, படலம் தடித்திருந்தால் இரண்டு மூன்று நாள், அப்படியே நிற்கட்டும். பெராக்சைடு அழுக்கைத் தொட்டதும் வாயு கிளம்பும். அதனால் காற்றுப் போக்கி திறந்திருக்க வேண்டும். முழுக்க அடைத்துவிட்டால் குழாய் இணைப்பு விட்டுக்கொள்ளும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் அந்தக் கேனைத் தொட விடாதீர்கள். தோலில் பட்டால் வெந்து வெளுத்துவிடும்.

பிறகு திரும்பவும் அழுத்தத்தில் கழுவல். முன்பு சொன்ன ஆடைத் துண்டுகள் இப்போதுதான் மொத்தமாக வரும். உப்புப் படிவு இருந்தால் அடுத்தபடியாகச் சிட்ரிக் அமிலம், கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பது. பி.எச். பட்டையில் 4-க்கும் 5-க்கும் இடையே வரும் அளவுக்குக் கரைத்து ஒரு நாள் நிறுத்தி, கழுவி வெளியேற்றுங்கள். அமிலத்தை மட்டும் ஓடவிட்டுச் சுத்தம் செய்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. அமிலத் தண்ணீரில் ஈஸ்டும் பூஞ்சையும் சுகமாக வளரும். சில மாதத்தில் வேறொரு ஜவ்வு கட்டியிருக்கும். எனவே கடைசியாகக் குளோரின் விட்டு முடியுங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடரையோ ஹைப்போகுளோரைட்டையோ அமிலத்தோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி, மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும். பெராக்சைடையும் குளோரினையும் சேர்த்தும் விடாதீர்கள், ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பணமும் வீண். ஒன்று போய், நன்றாகக் கழுவிய பிறகே அடுத்தது.

குஞ்சு இறங்கும் முன் ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கழன்ற படலம் நிப்பிளை அடைத்திருக்கும். சுத்தம் செய்தேன் என்ற நம்பிக்கையில் இதை விட்டுவிட்டு, குஞ்சு தாகத்தில் செத்த பண்ணைகள் உண்டு.

குஞ்சு இறங்கிய பிறகு தினசரிக் காவலுக்குக் குளோரினே போதும். ஆனால் அளக்க வேண்டிய இடம் டேங்க் அல்ல, லைனின் கடைசி நிப்பிள். அங்கே 2 முதல் 4 பி.பி.எம். தனிக் குளோரின் இருக்க வேண்டும். அளக்கும் கிட் விலை குறைவுதான். தண்ணீரின் பி.எச். இதில் ஆட்டத்தையே மாற்றும். பி.எச். 6.5-ல் குளோரினில் பத்தில் ஒன்பது பங்கு கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும், 7.5-ல் பாதி, 8.5-ல் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நம் போர் தண்ணீர் பல இடங்களில் காரத் தன்மை உடையது. “தினமும் பிளீச்சிங் போடுகிறேன், பயனில்லை” என்பவர்களின் புகாருக்கு விளக்கம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரிலேயே சுண்ணாம்பு இருப்பதால் பி.எச். இன்னும் ஏறும். அதைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், முந்தின இரவே கரைத்துத் தெளியவிட்டு மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். குஞ்சு சின்னதாக இருக்கும் முதல் இரண்டு வாரமும் நாளுக்கு ஒருமுறையாவது லைனைத் திறந்து ஓடவிடுங்கள். தண்ணீரில் உயிர்த் தடுப்பூசி கொடுப்பதாக இருந்தால், முந்தைய நாளே குளோரினை நிறுத்திவிட்டு, கொடுத்த மறுநாள் லைனைக் கழுவி மறுபடி தொடங்குங்கள். பால் பவுடர் உள்ளே தங்கக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டேன் என்பதற்காக எல்லாப் பழியையும் குழாயின்மேல் போட்டுவிடவும் கூடாது. ஈ.கோலை ஆரோக்கியமான கோழியின் குடலிலும் இருப்பதுதான். அது காற்றுப் பைக்குள் இறங்கி, இதயத்தையும் ஈரலையும் மூட வேண்டுமானால் மூச்சுக்குழாய் முன்பே கெட்டிருக்க வேண்டும். நனைந்த நார்க்கழிவிலிருந்து எழும் அம்மோனியா, தூசி, ராணிக்கேட் தடுப்பூசியின் எதிர்வினை, மைக்கோபிளாஸ்மா, தொற்று மூச்சுக்குழல் அழற்சி, எது வேண்டுமானாலும் அந்தக் கதவைத் திறந்து விட்டிருக்கலாம். ஷெட்டுக்குள் குனிந்து குஞ்சின் உயரத்தில் முகத்தை வைத்து மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால், குழாயை எவ்வளவு கழுவினாலும் பாதி வேலைதான் முடிந்தது.

எது காரணம் என்று தெரிந்துகொள்ள மூன்று இடத்துத் தண்ணீரைத் தனித்தனிச் சுத்தமான பாட்டிலில் எடுங்கள்: போர் வாய், மேல் டேங்க், லைனின் கடைசி. கூடவே கடைசி மூடிக்குள் சுழற்றிய ஒரு ஸ்வாப். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள ஆய்வகத்துக்கோ கொண்டுபோங்கள். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் அதைச் சொல்லி, குளோரினை முறிக்கும் மருந்து போட்ட பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் வழியிலேயே கிருமி செத்து, ரிப்போர்ட் நல்லதாக வந்துவிடும். போர் தண்ணீர் சுத்தம், லைன் கடைசி மோசம் என்றால் குற்றவாளி குழாய். போரிலேயே மோசம் என்றால் அங்கிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் சுத்தம், ஸ்வாப் மட்டும் மோசம் என்று வருவதும் உண்டு. படலம் எப்போதும் கழன்றுகொண்டே இருப்பதில்லை. அதனால் தண்ணீர் ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீர்கள். முடிந்தால் செத்த கோழியின் கிருமியும் குழாயின் கிருமியும் ஒரே வகையா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கோழியைக் கொல்லும் ஈ.கோலைகளில் ஓ1, ஓ2, ஓ78 போன்ற வகைகள்தான் அடிக்கடி வருபவை. குழாயில் ஏதோ ஒரு ஈ.கோலை இருந்தது என்பதாலேயே அதுதான் கொன்றது என்று ஆகிவிடாது.

ஒப்பந்தப் பண்ணை என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்துச் செலவு கம்பெனி கணக்கு, குழாய் சுத்தம் உங்கள் கணக்கு. இந்தப் பங்கீட்டினாலேயே குழாய் யாருடைய கவலையாகவும் இல்லாமல் போகிறது. சாவு குறைந்து, தீவன மாற்று விகிதம் சரியானால் லாபம் இருவருக்கும்தான். பெராக்சைடு செலவில் பங்கு கேட்டு சூப்பர்வைசரிடம் தைரியமாகப் பேசுங்கள்.

கேள்வி: முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம். கூண்டு முறை. கோழி ஒருமுறை ஏறினால் ஒரு வருடத்துக்கு மேல் ஷெட் காலியாகாது. லைனில் ஜவ்வு இருப்பது தெரிகிறது. கோழியை வைத்துக்கொண்டே சுத்தம் செய்ய வழி உண்டா? முட்டை குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

— பண்ணையாளர், நாமக்கல்

பதில்: பயம் நியாயமானது. கோழி இருக்கும்போது ஒரேயடியாகப் பெயர்க்கப் போனால், கழன்ற ஜவ்வு நூற்றுக்கணக்கான நிப்பிளை அடைக்கும். ஒரு நாள் தண்ணீர் குறைந்தாலே முட்டை எண்ணிக்கையில் தெரியும். தப்பித்து உள்ளே போகும் துண்டுகளில் கிருமிகள் அடர்த்தியாக இருக்கும் என்பதால் கழிச்சலும் சாவும் வரலாம். ஆகவே உங்களுக்கு மெதுவான வழிதான்.

முட்டைக்கோழிக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறோம். மீதி 8 மணி நேரம் இருட்டில் அது ஏறக்குறையத் தண்ணீர் தொடுவதில்லை. லைனில் தண்ணீர் அசையாமல் நிற்பதும் அந்த நேரத்தில்தான். விளக்கு அணைந்ததும் ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசி மூடியைத் திறந்து அழுத்தத்தில் ஓடவிடுங்கள். அடுத்த இரவு அடுத்த வரிசை. எல்லா வரிசையும் ஒரு சுற்று முடிந்த பிறகு பெராக்சைடு அல்லது குளோரின் டைஆக்சைடு தொடங்குங்கள். கோழி குடிக்கலாம் என்று கேனில் போட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. பெராக்சைடு என்றால் கடைசி நிப்பிளில் 25 முதல் 50 பி.பி.எம். காட்டினால் போதும், அதற்கான சோதனைப் பட்டை கிடைக்கிறது. காலி ஷெட்டுக்கு மேலே சொன்ன 3 லிட்டர் கணக்கை இங்கே நினைத்தும் பார்க்காதீர்கள். குளோரின் டைஆக்சைடு கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் பி.எச். ஏறினாலும் வலுவிழக்காது என்பதால் நாமக்கல் தண்ணீருக்குப் பொருந்தும்.

தொடங்கிய முதல் சில நாள் காலையில் ஆளை அனுப்பி ஒவ்வொரு வரிசையிலும் நிப்பிளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் மீட்டர் இல்லையென்றால் இப்போதே ஒன்று மாட்டுங்கள். தண்ணீர் குடிப்பது குறைந்தால் அன்றைக்கே மீட்டரில் தெரியும். முட்டையில் தெரிய ஓரிரு நாள் பிந்தும். கோழி கழித்து ஷெட் காலியாகும் நாளில்தான் முழுச் சுத்தம். சால்மோனெல்லா எண்டெரிட்டிடிஸ் முட்டைக்குள்ளேயே போகக்கூடியது என்பதால், அந்தக் காலி நாட்களில் குழாயைத் தொடாமல் புதுக் கோழியை ஏற்றுவது உங்களுக்குக் கறிக்கோழிக்காரரைவிடப் பெரிய ஆபத்து.

கேள்வி: கோழிக்கறிக் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பயோஃபிலிம் எங்கள் கடையிலும் வருமா?

— கடைக்காரர், ஈரோடு

பதில்: வரும். இறகு பிடுங்கும் டிரம்மில் இருக்கும் ரப்பர் விரல்களைப் பாருங்கள். தேய்ந்து, வெடிப்பு விட்டிருக்கும். அந்த வெடிப்பில் ஸ்டஃபைலோகாக்கஸ் தங்கி, குளோரினைச் சமாளித்துக்கொண்டு நாளுக்கு நாள் புதுக் கோழிக்குப் பரவுவதைக் கோழி பதப்படுத்தும் ஆலைகளில் கண்டிருக்கிறார்கள். வெடித்த விரலைக் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும். வெட்டுக் கட்டையில் கத்தி விழுந்த பள்ளங்களுக்கும் அதே நியாயம்தான்.

மூடும் நேரத்தில் கிருமிநாசினியை நேரடியாகத் தெளித்துவிட்டுப் போவது பல கடைகளில் பழக்கம். கொழுப்பும் ரத்தமும் இருக்கும் இடத்தில் குளோரின் அவற்றோடு மோதியே தீர்ந்துவிடும். முதலில் சோப்புத் தூள் போட்ட வெந்நீரில் பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, அதன் மேல் கிருமிநாசினி விட்டு, இரவு முழுக்கக் காயவிடுங்கள். வெந்நீர்த் தொட்டித் தண்ணீரை நடுவில் ஒருமுறையாவது கொட்டிவிட்டு மாற்றுங்கள். காலையில் ஊற்றியதே இரவு வரை ஓடினால் கடைசிக் கோழி குளிப்பது முதல் கோழியின் கழிவில்.